காட்டுத்தீயை ட்ரோன் அணைக்குமா, படம் மட்டும் பிடிக்குமா?

வெயில்தாங்கி (சேலம்) எழுதியது:

2025 ஆகஸ்ட் 3 முதல் 18 வரை ஸ்பெயினில் அடித்த வெப்ப அலைதான் அங்கே இதுவரை பதிவானதிலேயே மிகக் கடுமையானது என்று அந்நாட்டு வானிலை நிறுவனம் சொன்னது. அதே நாட்களில்தான் கலீசியா பக்கம் காடும் ஊரும் சேர்ந்து எரிந்தன. அந்த ஒரு வருடத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தில் எரிந்தது 10 லட்சம் ஹெக்டேருக்கு மேல், 2006இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து இதுதான் உச்சம்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் போனைத் திறந்தாலே ட்ரோன் கூட்டமாகப் பறந்து போய் தீயை அணைக்கிற வீடியோதான் வருகிறது, எது நிஜம் எது கம்ப்யூட்டரில் செய்தது என்றே தெரியவில்லை. எக்ஸ்பிரைஸ் அமைப்பு 2023இல் 1.1 கோடி டாலர் பரிசுப் போட்டி ஒன்றை அறிவித்தது. 1,000 சதுர கி.மீ. பரப்பில் எங்கோ மூளுகிற ஆபத்தான தீயை, ஆள் தலையீடு இல்லாமல், 10 நிமிடத்துக்குள் தேடிப் பிடித்து அணைக்க வேண்டும். பக்கத்தில் யாராவது குளிர் காய மூட்டிய நெருப்பைத் தவறுதலாக அணைத்துவிடவும் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

என் கேள்வி நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி. குரங்கணியில் மலையேற வந்தவர்கள் தீயில் சிக்கி இறந்து இத்தனை வருடம் ஆகியும் பச்சைக் கொப்பை ஒடித்து அடித்துத்தானே அணைக்கிறோம்? இந்த ட்ரோன்களை ஏன் இங்கே இறக்கக் கூடாது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

ரோட்டார் (பொள்ளாச்சி) எழுதியது:

மருந்தடிக்கிற ட்ரோன் வைத்துத் தொழில் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், தண்ணீர் கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள் சார். நான் ஓட்டுவது 10 லிட்டர் டேங்க். நிறைத்துக்கொண்டு பறந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பேட்டரி மாற்ற இறங்கிவிடும். 2024 மார்ச்சில் குன்னூர் பக்கம் காடு எரிந்தபோது விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் ராலியா அணையில் தொங்கு வாளியை முக்கி முக்கி எடுத்து ஊற்றியது. 16,000 லிட்டருக்கு மேல் ஊற்றியதாக விமானப்படையே சொன்னது. என் ட்ரோன் அதே தண்ணீரைக் கொண்டுபோக 1,600 நடை அடிக்க வேண்டும். அதற்குள் காடு தானாகவே எரிந்து முடிந்திருக்கும்.

அந்த 16,000 லிட்டரும் சாலையில் வருகிற ஒன்றிரண்டு தண்ணீர் லாரி அளவுதான் என்பதையும் யோசியுங்கள். ஹெலிகாப்டர் ஊற்றுவதே தீயின் வேகத்தைக் குறைக்கத்தான், மிச்சத்தைத் தரையில் நிற்கிற ஆள்தான் அடித்து முடிக்கிறான். அப்படியிருக்க ட்ரோன் எந்த மூலைக்கு.

தாழ்வாக நின்று பறந்தால் இன்னொரு வம்பும் உண்டு. இறக்கைக் காற்று கீழே அடித்து கங்கைக் கிளப்பிவிடும். வயலில் மருந்து இலைக்கு அடியிலும் போய்ப் படுவதற்கு அந்தக் காற்றுதான் உதவி, தீயில் அதுவே வினை.

—

கூடலூரான் எழுதியது:

ரோட்டார் தம்பி சொன்னது சரி. ஆனால் முதல் பதிவிலேயே ஒரு விஷயம் இடிக்கிறது. ஸ்பெயின் கதையை அப்படியே இங்கே ஒட்டாதீர்கள். அங்கே வெயில் உச்சமும் தீயும் ஒன்றாக வரும். நம்ம மலையில் தீக்காலம் தை கடைசியில் தொடங்கி பங்குனி, சித்திரை முதல் பாதி வரை. பந்திப்பூர் எரிந்தது 2019 பிப்ரவரி. குரங்கணி 2018 மார்ச் 11. குன்னூரும் மார்ச். கத்திரி வெயிலில் டவுனில் ஆள் சுருண்டு விழுகிறபோது இங்கே கோடைமழை நாலு தூறல் போட்டுக் காடு கொஞ்சம் தளிர்த்திருக்கும்.

நீலகிரி மேல்மட்டத்தில் இன்னொரு வேடிக்கை, தீக்கு அடுப்பு மூட்டுவது வெயில் இல்லை, பனி. டிசம்பர் ஜனவரியில் விழுகிற உறைபனியில் புல் கருகிச் செத்து நிற்கும். பிறகு மழை இல்லாத ரெண்டு மாதக் காற்று போதும். கீழே முதுமலை மாதிரி இலையுதிர் காட்டில் சருகு முழங்கால் உயரம் கிடக்கும், அதற்குமேல் உண்ணிச்செடி (லாண்டானா புதர்) காய்ந்து ஏணி மாதிரி நிற்கும், தீ அதைப் பிடித்து மரத்து உச்சிக்கு ஏறும்.

வெயில் ஏறுவதும் உண்மைதான். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி, அந்த ஊர் அதுவரை பார்க்காத சூடு. ஆனால் வானிலைத் துறை விதிப்படி மலைப்பகுதியில் 30 டிகிரியைத் தொட்டால்தான் வெப்ப அலைக் கணக்கே தொடங்கும். ஊர் தன் உச்சத்தைத் தாண்டியும் அறிவிப்பு வராது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, சமவெளி ஆளுக்கு நல்ல காரியம். அந்த ஏற்பாட்டில் காட்டுக்கு எங்கே இடம்?

—

சாக்ரமெண்டோ வாசி எழுதியது:

இங்கே கலிஃபோர்னியாவில் இருப்பதால் இதை அன்றாடம் பார்க்கிறேன். ட்ரோன் தண்ணீர் ஊற்றி அணைப்பது என்பது இங்கேயும் இன்னும் சோதனைக் கட்டத்தில்தான். ரெயின் என்ற நிறுவனமும் ஹெலிகாப்டர் செய்கிற சிகோர்ஸ்கியும் சேர்ந்து ஆளில்லாமலும் பறக்கக்கூடிய பிளாக் ஹாக் ஹெலிகாப்டரை வைத்துத் தீயைத் தேடித் தண்ணீர் விடுகிற சோதனைகள் செய்திருக்கிறார்கள். அது ட்ரோன் என்றால் ட்ரோன்தான், ஆனால் விலையும் எடையும் முழு ஹெலிகாப்டர்.

உண்மையில் தினசரி வேலையில் இருப்பவை வேறு. முதலாவது கண். 2013இல் இங்கே மூண்ட ரிம் தீ என்ற பெரிய காட்டுத்தீயின்போதே தேசியக் காவல்படையின் பிரிடேட்டர் ஆளில்லா விமானம் மேலே நின்று தீ எல்லையை வரைந்து அனுப்பியது. இப்போது அந்த வேலையைப் பையில் தூக்கிப் போகிற அளவு ட்ரோன்கள் செய்கின்றன. வெப்பக் கேமரா புகைக்கு ஊடாகவும் பார்க்கும். பெரும்பாலான தீயணைப்பு விமானங்கள் இருட்டினால் இறங்கிவிடும், ட்ரோனுக்கு இருட்டுதான் வசதி. வெப்ப அலை நாட்களில் இது இன்னும் முக்கியம். முன்பெல்லாம் ராத்திரி ஈரக்காற்று வந்து தீ படுத்துவிடும், இப்போது இரவிலும் காற்று வறண்டே இருப்பதால் விடிய விடிய ஓடுகிறது. சூடு ஒரு டிகிரி ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், அந்த ஈரத்தைப் புல்லிலும் சருகிலும் இருந்துதான் உறிஞ்சும்.

இரண்டாவது, சொன்னால் பலர் நம்புவதில்லை, தீ வைப்பது! நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் உருவாகி வெளியே வந்த இக்னிஸ் என்ற கருவியை ட்ரோனுக்கு அடியில் மாட்டுவார்கள். பிங்பாங் பந்து அளவு உருண்டைகள், உள்ளே பொட்டாசியம் பர்மாங்கனேட். விழுவதற்குச் சற்று முன் ஊசி குத்தி கிளைகால் என்ற திரவத்தை ஏற்றுகிறது, தரையில் விழுந்ததும் பற்றிக்கொள்ளும். இங்கே 'டிராகன் முட்டை' என்பார்கள். பெரிய தீ வருகிற வழியில் முன்கூட்டியே எரித்து அதற்குத் தின்ன எதுவும் இல்லாமல் செய்வது. முன்பு இதை ஹெலிகாப்டரில் தாழ்வாக, மெதுவாகப் பறந்து செய்தார்கள். 2019 மார்ச்சில் டெக்சாஸில் அப்படி ஒரு ஹெலிகாப்டர் விழுந்து வனத்துறை ஊழியர் ஒருவர் இறந்தார். ஆளில்லாத கருவிக்கு இதைவிட நல்ல நியாயம் தேவையில்லை.

கேடும் உண்டு. 2025 ஜனவரி 9, லாஸ் ஏஞ்சலிஸின் பாலிசேட்ஸ் தீ. கனடாவின் கியூபெக்கில் இருந்து உதவிக்கு வந்த சிஎல்-415 விமானம், கடலில் உரசிக்கொண்டே 12 விநாடியில் 6,000 லிட்டர் அள்ளுகிற வகை, யாரோ ஒருவர் வேடிக்கை பார்க்க ஏற்றிய சின்ன ட்ரோனில் மோதி இறக்கையில் ஓட்டை விழுந்தது. ஊர் எரிகிற நேரத்தில் அந்த விமானம் தரையில் நின்றது. ஓட்டியவர் பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

—

வெயில்தாங்கி எழுதியது:

// பெரிய தீ வருகிற வழியில் முன்கூட்டியே எரித்து //

இது நம்ம ஊரில் எதிர்த்தீ வைப்பதுதானே? இதற்கு எதற்கு டாலர் கணக்கில் முட்டை. தீப்பெட்டி போதாதா?

—

போடிமெட்டு எழுதியது:

போதாது நண்பரே, சரிவைப் பார்த்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். மலைச்சரிவு 10 டிகிரி கூடுகிற ஒவ்வொரு தடவையும் தீ மேல்நோக்கி ஓடுகிற வேகம் ஏறக்குறைய இரு மடங்கு. 30 டிகிரி சரிவில் சமதரையைப் போல் எட்டு மடங்கு. ஆள் மேல்நோக்கி ஓடுகிற வேகம் பாதியாகிவிடும். எதிர்த்தீ வைக்கிறவன் தீப்பெட்டியோடு அந்தச் சரிவில் நிற்க வேண்டும், காற்று திரும்பினால் அவன் கதி என்ன?

குரங்கணி பற்றிப் பேச்சு வந்ததால். கொழுக்குமலைப் பக்கம் மலையேற்றம் வந்தவர்கள் இறங்கும்போது ஆள் உயரப் போதைப்புல்லுக்கு (மலைச்சரிவில் வளர்கிற ஒரு புல் வகை) நடுவே மாட்டிக்கொண்டார்கள், 23 பேர் இறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தீ. இருட்டில் பள்ளத்தில் கிடந்தவர்களைச் சத்தம் வந்த திசையை வைத்துத் தேடி, போர்வையில் தொட்டில் கட்டித் தூக்கி வந்தவர்கள் ஊர்க்காரர்களும் காட்டு இலாகாக்காரர்களும்தான். ஹெலிகாப்டர்கள் முழுவீச்சில் வேலை செய்தது மறுநாள் வெளிச்சம் வந்த பிறகு.

அன்றைக்கு ட்ரோன் இருந்திருந்தால் தீ அணைந்திருக்காது. ஆனால் கீழே எரிகிறது, இந்தப் பக்கம் இறங்காதே என்று மதியமே யாராவது சொல்லியிருக்கலாம். இரவில் எந்தப் பாறை மறைவில் எத்தனை பேர் என்று பார்த்திருக்கலாம். எரிந்து முடிந்த தரை சூடாக இருக்குமே, மனித உடம்பு அதில் தெரியுமா என்பது ரோட்டார் மாதிரி ஆட்கள் சொல்ல வேண்டும்.

—

ரோட்டார் எழுதியது:

தெரிவது சிரமம். வெப்பக் கேமரா சுற்றுப்புறத்துக்கும் பொருளுக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தைத்தான் காட்டும். கங்கும் சூடான பாறையும் நிறைந்த இடத்தில் ஆள் உடம்பு அமுங்கிப்போகும். எரியாத பள்ளத்திலோ ஓடையிலோ ஒதுங்கியிருந்தால் நன்றாகவே தெரியும். பகலில் கேட்கவே வேண்டாம், மதிய வெயிலில் வெறும் பாறையே தீ மாதிரி வெள்ளையாகக் காட்டும். விடிவதற்கு முன் பாறை ஆறியிருக்கும் நேரத்தில் பறந்தால் நேற்று அணைத்ததாக நினைத்த கட்டை எங்கே உள்ளுக்குள் புகைகிறது என்று புள்ளி புள்ளியாகத் தெரியும். என்னைக் கேட்டால் ட்ரோனுக்கு முழு மார்க் அந்த வேலைக்குத்தான். அணைந்த தீ மறுநாள் காற்றில் திரும்ப எழுவதுதானே ஆளைச் சாகடிக்கிறது.

இன்னொன்று, சந்தையில் கிடைக்கிற பல சின்ன ட்ரோன்களின் கையேட்டில் 40 டிகிரி வரைதான் போட்டிருக்கும். கொஞ்சம் விலை கூடிய வகை 50 வரை தாங்கும். வெப்ப அலைக்காக வாங்குகிற சாமான் வெப்ப அலையிலேயே மயங்கி விழக் கூடாது.

—

டெண்டர்ராஜா எழுதியது:

முடிவு தெரிந்த கதைதான். நூறு ட்ரோன் வாங்குவார்கள், கொடியசைத்துத் தொடங்கி வைப்பார்கள், போட்டோ வரும், அடுத்த வருடம் பேட்டரி உப்பிப்போய் அலமாரியில் கிடக்கும். அதற்குப் பதில் ஹெலிகாப்டர் வாங்கினாலாவது கல்யாணத்துக்குப் பூ தூவலாம்.

—

சருகு எழுதியது:

டெண்டர்ராஜா சொல்வதில் பாதி உண்மை என்பதால் சிரிக்க முடியவில்லை.

காட்டுச் சூழலியல் படிக்கிறவள், என் பங்குக்குச் சில விஷயங்கள். தீ மூண்டது நமக்கு எப்படித் தெரிகிறது என்பதில்தான் ஓட்டை. டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் பார்த்து வன அலுவலர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது, நல்ல ஏற்பாடு. யார் வேண்டுமானாலும் பதிவு செய்து பெறலாம். ஆனால் 375 மீட்டர் துல்லியத்தில் பார்க்கிற அந்தக் கருவி உள்ள கோள்கள் நம் தலைக்கு மேல் வருவது மதியம் 1.30ஐ ஒட்டியும் நள்ளிரவு 1.30ஐ ஒட்டியும். மூன்று மணிக்குப் புல்வெளியில் மூண்ட தீ அடுத்த சுற்று வரும்வரை அந்தக் கணக்கில் இல்லை. இதைச் சரிசெய்யத்தான் ஃபயர்சாட் என்று கூகுளும் மியூவான் ஸ்பேஸும் மற்றவர்களும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டிருக்கிறார்கள், முதல் கோள் 2025 மார்ச்சில் போனது. ஐம்பதுக்கும் மேற்பட்ட கோள்கள் சேர்ந்தால் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 5 மீட்டர் அளவுத் தீயைக்கூடப் பிடிப்பது குறிக்கோள். அதுவரை உச்சியில் கேமரா, கோபுரத்தில் ஆள், சந்தேகம் வந்தால் ட்ரோன். இந்த வரிசையில்தான் ட்ரோனுக்கு இடம். ட்ரோனையே காவலுக்குச் சும்மா சுற்றவிடுவது வீண், அது பறப்பது அரை மணி நேரம்.

அப்புறம், அடர்ந்த காட்டில் மர உச்சிக்கு அடியில் ஊர்கிற சருகுத்தீயை மேலிருந்து பார்ப்பது எளிதல்ல. புல்வெளிக்குப் பொருந்துவது சோலைக்கும் மூங்கில் காட்டுக்கும் பொருந்தாது. யானைகள் அந்தச் சத்தத்துக்கு மிரளும், சில இடங்களில் விரட்டவே ட்ரோன் பயன்படுத்துகிறார்கள். தீக்குப் பயந்து ஓடிவருகிற கூட்டத்தை அணைக்கிற ஆட்கள் பக்கமே திருப்பிவிட்டால் யார் பொறுப்பு?

கலிஃபோர்னியா நண்பர் சொன்ன டிராகன் முட்டையைப் பற்றி நான் நினைப்பது வேறு. முன்கூட்டி எரிப்பது இங்கே புதிதல்ல. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் பழங்குடியினர் வருடத் தொடக்கத்தில், சருகு இன்னும் முழுக்கக் காயாத பருவத்தில், சின்னச் சின்னதாக எரித்து வந்தார்கள். அவர்கள் மொழியில் தரகு பெங்கி. 1972 வனவிலங்குச் சட்டத்தை ஒட்டி அது நின்றது. பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடியது என்று அவர்கள் சொல்கிறார்கள், ஆய்வாளர்களில் பலரும் அதை ஒப்புக்கொள்கிறார்கள். இப்போது எரித்தால் பழையபடி சாந்தமாக எரியுமா என்பது வேறு விவாதம், இத்தனை உண்ணிச்செடி சேர்ந்தபின் எனக்கே தயக்கம்தான். ஆனால் எப்போது, எந்தச் சரிவில் எரிக்கலாம் என்று தெரிந்தவரை வெளியே நிறுத்திவிட்டு முட்டை போடுகிற கருவியை மட்டும் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

—

பதுளையான் எழுதியது:

இலங்கையின் ஊவாப் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. எங்களுக்குத் தீக்காலம் ஆடி ஆவணி, கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) மலையைத் தாண்டி வறண்டு இறங்குகிற காலம். மானாப்புல் மலைகள் எல்லாம் எரியும். மின்னலால் இல்லை, ஆட்கள்தான் வைக்கிறார்கள். மாட்டுக்குப் புதுப்புல் வேண்டும், வேட்டைக்கு வெளி வேண்டும், சிலருக்குச் சும்மா பொழுதுபோக்கு. அந்தக் காற்றில் சின்ன ட்ரோன் நிற்காது. மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டினால் அநேகமானவை தள்ளாடும். தீ மோசமாக ஓடுவதும் அதே காற்றில்தானே, தேவைப்படுகிற நேரத்தில் இறக்கி வைக்க வேண்டியிருக்கும்.

—

சாக்ரமெண்டோ வாசி எழுதியது:

பதுளையான் சொன்னது இங்கேயும் அப்படியே. 2025 ஜனவரி 7 இரவு லாஸ் ஏஞ்சலிஸில் காற்று 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியபோது ஆள் ஓட்டுகிற பெரிய விமானங்களையே தரையிறக்கினார்கள். உலகத்திலேயே அதிகக் கருவி வைத்திருக்கிற ஊரில் அன்றைக்குக் கருவி எதுவும் உதவவில்லை. 2021 ஜூன் 29 கனடாவின் லிட்டனில் 49.6 டிகிரி, மறுநாளே அந்தச் சின்ன ஊர் எரிந்தது. அந்த மாதிரித் தீயிடம் ட்ரோன், ஹெலிகாப்டர் என்று பேசிப் பயனில்லை, மக்களை வெளியேற்றத்தான் நேரம் இருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், வேகம் பிடிப்பதற்கு முன்னும், படுத்தபின்னும்தான் இந்தச் சாமான்களுக்கு வேலை. நடுவில் இல்லை.

—

கூடலூரான் எழுதியது:

இப்போதுதான் பேச்சு வழிக்கு வந்திருக்கிறது. 'முன்னும் பின்னும்' என்கிறீர்களே, முன் வேலை என்றால் என்ன? தீக்கோடு வெட்டுவது, அதாவது தீ தாண்டாதபடி புல்லையும் சருகையும் அகற்றிய வெறும் பட்டை. ஜனவரிக்குள் வெட்டி, கூட்டி, எரித்துச் சுத்தமாக வைக்க வேண்டும். அதைச் செய்கிற தீத்தடுப்புக் காவலர்கள் பெரும்பாலும் தற்காலிக ஆட்கள், நாலைந்து மாதக் கூலி, பக்கத்துப் பழங்குடிக் கிராமத்துக்காரர்கள். நான் பழகிய ஒரு சரகத்தில் தீக்காலம் முடிந்து மழை பிடித்த பிறகுதான் கூலியே கைக்கு வந்தது. காலில் ரப்பர் செருப்பு. இலை ஊதுகிற மெஷின் வந்தபோது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கொப்பால் அடிக்கிறவனுக்கு நெருப்பிலிருந்து நாலடி தள்ளி நிற்க முடிந்தது என்பதே பெரிய காரியம். அதைத் தொழில்நுட்பம் என்று யாரும் வீடியோ போடவில்லை.

ட்ரோன் வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்தால் சரக அலுவலகத்துப் பீரோவில் இல்லாமல் அந்தக் காவலர் கையில் இருக்கட்டும் என்கிறேன். எந்த ஓடை எங்கே திரும்புகிறது, காற்று எத்தனை மணிக்கு மாறும் என்று தெரிந்தவன் அவன்தான். திரையில் புள்ளியைப் பார்த்ததும் 'இது பாறை, இது தீ' என்று சொல்லிவிடுவான்.

—

போடிமெட்டு எழுதியது:

அண்ணே, நல்ல யோசனைதான். ஆனால் ட்ரோன் ஓட்ட உரிமம் வேண்டுமே, அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள். நீங்கள் சொல்கிற ஆட்களில் எத்தனை பேர் அது முடித்திருக்கிறார்கள்?

—

ரோட்டார் எழுதியது:

உரிமம் இருக்கிற ஒருவர், காடு தெரிந்த ஒருவர் என்று ஜோடியாக அனுப்பினால் முடிந்தது. எங்கள் தொழிலிலும் அப்படித்தான், நான் ஓட்டுவேன், எந்த வரப்பில் மின்கம்பி தாழ்வாகத் தொங்குகிறது என்று தோட்டக்காரர்தான் கூட நின்று சொல்வார். அந்தக் குடும்பங்களில் படித்த பிள்ளைகளும் இல்லாமல் இல்லை, பயிற்சிக் கட்டணத்தை யாராவது கட்டினால் ஒரு வாரத்தில் உரிமம் வாங்கிவிடுவார்கள்.

எனக்கு வேறு சந்தேகம். ஒரு இரவுக்கு நாலைந்து பேட்டரியாவது வேண்டும். வேட்டைத் தடுப்பு முகாம்களில் சார்ஜ் போட கரண்ட் இருக்கிறதா?

—

கூடலூரான் எழுதியது:

நான் பார்த்த முகாம்களில் சோலார் இருக்கிறது. ஒரு பல்பும் வாக்கி டாக்கியும் ஓடும், அவ்வளவுதான். ட்ரோன் பேட்டரி ஒன்றுக்கு எத்தனை வாட் இழுக்கும் என்று சொல்லுங்கள் தம்பி, எத்தனை பலகை கூடுதலாக வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.